சுடுகுழம்பும் பிளாஸ்டிக் பையும்



சென்ற பொங்கல் விருந்தின் முடிவில், எஞ்சிய சாம்பாரைக் கேட்ட குடும்பங்களுக்கு நாமே கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, நூலால் முடிந்து கொடுத்தோம். முதிய அம்மையார் ஒருவர் பையை முகர்ந்து, "குழம்பு மணக்கவில்லை தம்பி, பைதான் மணக்கிறது" என்றார். நாம் சிரித்து மழுப்பினோம். பின்னர் இது பற்றிப் படித்தறிந்தபோது அச்சிரிப்பு நம்மையே உறுத்தலாயிற்று.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. கண்ணாடி போல் கடினமாக விளங்கும் பாலிகார்பனேட், பிஸ்பீனால்-ஏ என்னும் இரசாயனத்தைக் கொண்டு செய்யப்படுவது. உணவு அடைக்கும் தகர டப்பாக்களின் உட்பூச்சிலும் அது நெடுங்காலம் பயன்பட்டது. வேறு சில பிளாஸ்டிக்குகளை வளையச் செய்வதற்குத் தாலேட்டுகளைச் சேர்ப்பர். இவை பிளாஸ்டிக்குடன் இறுகப் பிணைந்தவையல்ல. எண்ணெயைக் கண்டால் அதில் இறங்கிவிடும். இவ்விரண்டும் உடலின் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக் கூடியவை. ஆதலின் கருவுற்ற மகளிரையும் பச்சிளங் குழந்தைகளையும் குறித்தே அறிஞர் மிகுதியும் கவலை கொள்கின்றனர். பாற்புட்டிகளில் பிஸ்பீனால்-ஏ கூடாதென்று இந்தியத் தர விதி 2015இல் விலக்கியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, ஒருவர் நாள்தோறும் அதனை உட்கொள்ளத்தக்க அளவை 2023இல் இருபதாயிரம் மடங்கு குறைத்துவிட்டது.

உஷ்ணமே இதில் முதற் குற்றவாளி. பாலிகார்பனேட் குப்பிகளில் கொதிநீரை ஊற்றியபோது பிஸ்பீனால்-ஏ 15 முதல் 55 மடங்கு விரைவாக வெளிப்பட்டதாக 2008இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கால் ஆன தூக்குப் பைகளில் உணவை இடலாகாதென நம் நாட்டின் 2018ஆம் ஆண்டு விதிகள் அன்று கூறின. நாம் அன்று வாங்கிய பை எதனால் ஆனது என்று கடைக்காரரைக் கேட்கவும் இல்லை!

ஆறுதலான செய்தியும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பத்தினர் மூன்று நாள் டப்பா உணவையும் பிளாஸ்டிக் பொதிகளையும் விலக்கி உண்டனர். அவர்கள் சிறுநீரில் பிஸ்பீனால்-ஏ ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. உட்புகுந்த நஞ்சு ஆயுள் முழுதும் தங்குமோ என்று அஞ்சும் தாய்மாருக்கு இதைக் காட்டலாம்.

வீட்டிலுள்ள டப்பாக்களை எல்லாம் வீசியெறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உலர்ந்த துவரம்பருப்பு அதில் கிடப்பது வேறு. சுடுசோறும் எண்ணெய்ப் பண்டமும் வேறு. ஊரிலிருந்து அம்மா தந்தனுப்பும் ஊறுகாய், நல்லெண்ணெய் மிதக்க, பழைய பிளாஸ்டிக் குப்பியில் கோடை ரயிலில் இரண்டு நாள் வெந்து வருகிறதே, அதைத்தான் நாம் நினைக்கிறோம். கண்ணாடி உடையும் என்று அஞ்சுவோர் பயணத்துக்கு மட்டும் எவர்சில்வர் சம்புடத்தில் கொணர்ந்து, வீடு சேர்ந்ததும் பீங்கான் ஜாடிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சித்திரை விருந்துக்கு வரும் அன்பர்கள் தத்தம் தூக்குச்சட்டியை உடன் கொணர வேண்டுகிறோம். மறந்து வருவோர்க்கென மேற்படி அம்மையார் தம் வீட்டுத் தூக்குகள் நான்கைத் தர இசைந்துள்ளார். கழுவித் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் நிபந்தனை.