மணலி கேட்ட பேண்டு

மணலி என்றால் இன்று சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரி வரிசையும்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது துபாஷ் முத்துகிருஷ்ண முதலியாரின் ஊர். ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு இங்கே குடிவைத்து ஆதரித்தார் அவர். அந்த வீட்டு மூத்த பிள்ளை முத்துசுவாமி தீட்சிதர் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டைக் கேட்டார். தம்பி பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த கதையில் இந்த வடசென்னை வீட்டுக்கு முக்கியப் பங்குண்டு.

பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு அண்ணன் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று அவற்றைச் சொல்கிறோம். நாற்பதை ஒட்டி இருக்கின்றன. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். ஆனால் பேண்டில் மெட்டு மேலே போக, அடியில் மற்ற வாத்தியங்கள் வேறு ஸ்வரங்களைப் பிடித்திருக்குமே, அவை எங்கே? தீட்சிதர் மேல்வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அடிவரியை விட்டுவிட்டார். காதில் விழாமல் விட்டார் என்று நான் நம்பவில்லை. தம்புரா போதும் என்று நினைத்திருப்பார்.

அவர் விட்டதைத்தான் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். விம்கோ நகரில் மெட்ரோ ஏறுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்தில் சர்ச் கொயரில் பாஸ் பாடுகிறான். ஐந்து கோடு, ஸ்கேல், தாளக்குறி எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. ஹார்மனியின் நடுக்கட்டத்தில்தான் திணறினான். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலுக்கும் எழுத வேண்டும். எந்த இரண்டு குரலும் பஞ்சம இடைவெளியில் ஜோடியாக நகரக் கூடாது.

ஏன் கூடாது? ம‑த‑ச என்ற கார்டிலிருந்து ப‑நி‑ரி என்ற கார்டுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். கை சுலபமாகச் செய்வது, மூன்றையும் அப்படியே ஒரு படி மேலே தள்ளுவது. அப்போது ம‑ச இருந்த இடத்தில் ப‑ரி வரும்; இரண்டு குரல் ஒரே குரலாக ஒட்டிக்கொள்ளும். அதனால் பாஸ் மட்டும் ம‑விலிருந்து ப‑வுக்கு ஏற, மேலே மூவரும் எதிர்த்திசையில் இறங்குகிறார்கள்: ச நி‑க்கு, த ப‑வுக்கு, ம ரி‑க்கு. ஆளுக்கொரு வழி. இதை நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணே, ஞாயித்துக்கெயமன்னா நாங்க பாடுறது இதானா!” என்றான். அதுவரை பாஸ் என்றால் சும்மா ஒப்புக்குப் பாடுவது என்று நினைத்திருந்தானாம். ஸ்வரத்தில் சொன்னதும் புரிந்தது. ரோமன் எண்ணில் சொன்னபோது புரியவில்லை. நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தியரி எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பிறகுதான் வம்பு. சொந்த ஊர் மெட்டு ஒன்றுக்கு நாலு குரல் எழுதி வா என்றார்கள். தியாகராஜர் திருவொற்றியூர் வடிவுடையம்மன்மேல் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். அதில் கல்யாணியில் உள்ள ‘சுந்தரி நீ திவ்ய’வை எடுத்துக்கொண்டான். சர்ச் பையனுக்கு இது எதற்கு என்று யாரோ கேட்டார்களாம். தியாகராஜரை மேல்நாட்டு நொட்டேஷனில் 1892‑93ல் அச்சேற்றிய ஏ.எம். சின்னசாமி முதலியாரும் கிறிஸ்தவர்தான் என்று சொல்லிவை என்றேன்.

கல்யாணியின் பிரதி மத்திமம் கார்டுக்குள் அடங்காது. ரி‑ம‑த பிடித்துவிட்டு ப‑நி‑ரி பிடித்தால் போதும், பஞ்சமம் ஷட்ஜமமாகிவிடும். மெட்டு கல்யாணியில் போக, காது சங்கராபரணம் கேட்கும். கச்சேரியில் வித்வான்கள் இதைச் சுருதி பேதமாக ஒரு நொடி காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஹார்மனியில் ஷட்ஜமம் இடம் மாறுவது அன்றாட வேலை; ராகத்தில் அது மாறினால் ராகமே போச்சு. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, 1986ல் ‘ஹவ் டு நேம் இட்?’ வெளியிட்டபோது அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே சமர்ப்பித்தார். இரண்டையும் ஒரே காதில் வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்பது அவருக்குத் தெரியும்.

பையன் கண்டுபிடித்த வழி பெடல் பாயிண்ட். பாஸ் ச‑வை விட்டு நகர்வதே இல்லை; ரி‑ம‑த அதன் மேலேயே வந்துவிட்டுப் போகிறது. ஆர்கன்காரர்கள் காலால் அழுத்திப் பிடிக்கும் பழைய உத்தி, நமக்கு அது தம்புரா. கமகத்துக்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. இப்போதைக்கு மெட்டு அசையும் இடங்களில் மற்ற மூவரையும் வாயை மூடச் சொல்லியிருக்கிறான்.