கொரோனா மரணக் கணக்கு

கொரோனாவால் இந்தியாவில் மாண்டவர் எத்தனை பேர் என்னும் வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2021-ஆம் வருஷ முடிவு வரையில் சுமார் 4,81,000 பேர் என்பது இந்திய சர்க்காரின் கணக்கு. 2020, 2021 ஆகிய இரு வருஷங்களில் வழக்கத்துக்கு அதிகமாக இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. ஒரு கட்சியார் முன்னதைப் பொய் என்கின்றனர். மற்றொரு கட்சியார் பின்னதைத் தேசத்தை இழிவுபடுத்தும் சூழ்ச்சி என்கின்றனர்.

இரு தொகைகளும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். முன்னது, கொரோனா மரணம் என்று அதிகாரிகள் பதிந்துகொண்ட தொகை. பின்னது, ஆஸ்பத்திரியில் இடம் கிடையாமல் வேறு வியாதிகளால் இறந்தவர்களையும் உட்கொண்ட மதிப்பு. நமது தேசத்தில் பதிவாகும் மரணங்களில் வைத்தியர் காரணத்தை அத்தாட்சி செய்பவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே முன்னது முழுக் கணக்காக இருத்தல் இயலாது.

ஸ்தாபனத்தின் கணித முறை நமது பரந்த தேசத்துக்குப் பொருந்தாது என்று சர்க்கார் ஆட்சேபித்தனர். ஆட்சேபம் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஊகத்துக்கு மாற்று மருந்து மறுப்பு அன்று, பதிவேடு. சர்க்காரின் சொந்தப் பதிவேட்டின்படி 2019-இல் பதிவான மரணங்கள் 76.4 லட்சம்; 2020-இல் 81.2 லட்சம்; 2021-இலோ 102.2 லட்சம். ஒரே வருஷத்தில் சுமார் 21 லட்சம் உயர்ந்திருக்கிறது! இவ்வளவும் கொரோனாவே என்று கூறுதல் நியாயமாகாது. ஜனத்தொகைப் பெருக்கம், பதிவில் ஏற்பட்ட அபிவிருத்தி, முந்திய வருஷத்து ஊரடங்கில் தாமதித்த பதிவுகள் ஆகியவற்றையும் கழித்துப் பார்த்தல் வேண்டும். எனினும் 4,81,000-தான் உண்மை என்று சாதிப்பதற்கும் இப்பதிவேடு இடங்கொடுக்கவில்லை. 2021-ஆம் வருஷக் கணக்கு 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் அதைப் பூட்டி வைத்துவிட்டு, பிறர் ஊகித்ததைக் குறை கூறுவது எவ்விதம் பொருந்தும்?

இது பண்டிதர்களின் வீண் வாதம் என்று எண்ணற்க. சுப்ரீம் கோர்ட்டு 2021 ஜூன் மாதத்தில் இட்ட கட்டளையின் பயனாக, கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.50,000 நிவாரணம் ஏற்பட்டது. மரணப் பத்திரத்தில் கொரோனா என்று எழுதப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் அதை மறுக்கலாகாது என்றும் அக்டோபரில் அக்கோர்ட்டு விதித்தது. கணக்கில் விடுபட்ட ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு விதவையோ அநாதைக் குழந்தையோ நிற்கக்கூடும்.

தவறு நேர்வது இயல்பு. திருத்துவதே ராஜாங்கத்துக்கு அழகு. சென்னையில் விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலையில் தமிழ்நாட்டு சர்க்கார் தம் கணக்கில் சேர்த்தனர். அதனால் சர்க்காரின் மதிப்புக் குன்றிவிடவில்லை. இந்திய சர்க்காரும் மாகாணந்தோறும், மாதந்தோறும் பதிவான மரணங்களைக் காலதாமதமின்றி வெளியிட வேண்டும். அடுத்த கொள்ளைநோய் நம்மிடம் தவணை கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை.