மே மாதச் சம்பளம் எங்கே?

விடுமுறைச் சனிக்கிழமையில் ஆசிரியர்களை வரவழைத்து, 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி?' என்று வகுப்பு எடுக்கின்றன சில தனியார் பள்ளிகள். அந்தச் சனிக்கிழமையை அவர்களுக்கே விட்டிருந்தால் பாதி அழுத்தம் குறைந்திருக்கும்.

பி.எட். முடித்து இரண்டு மூன்று வருடமே ஆன மெட்ரிக் பள்ளி ஆசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள். காலை பிரேயர் முடிந்ததும் ஆயாம்மா சப்ஸ்டிட்யூஷன் நோட்டை நீட்டுவார். இருந்த ஒரே ஃப்ரீ பீரியடில், லீவு போட்டவரின் வகுப்பு ஏறியிருக்கும். கையெழுத்துப் போட வேண்டியதுதான். அந்த நேரத்தில் திருத்தியிருக்க வேண்டிய நோட்டுகள் பையோடு வீட்டுக்கு வரும். இரவு ஒன்பதரைக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், "மிஸ், மேத்ஸ் ஹோம்வொர்க் என்ன?" பதில் போடாவிட்டால் மறுநாள் பிரின்சிபால் அறையில் விசாரணை. ஆண்டு விழா நடனம், பள்ளி விளம்பரத்துக்கு வீடியோ எல்லாம் புதிதாக வந்தவர் தலையில்தான். 'சின்னப் பொண்ணுதானே, ஓடியாடி செய்யட்டும்' என்கிற நினைப்பு.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியருக்குக் குறைந்தபட்சம் வாரம் 45 மணி நேரம் என்கிறது. பாடத் தயாரிப்பும் அதற்குள் அடக்கம். இதை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

கோடையில் வேறு கூத்து. ஏப்ரலோடு கணக்கை முடித்து, ஜூனில் புதிதாகச் சேர்த்ததாகக் காட்டும் நிர்வாகங்கள் உண்டு. மே சம்பளம் மிச்சம். பணித் தொடர்ச்சியும் அறுந்ததுபோல் காட்டலாம். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்ற சட்டத் திருத்தத்தை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. அதைக் கேட்க ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டுமே! சம்பளம் இல்லாத அதே மே வெயிலில், நோட்டீஸும் கையுமாக அட்மிஷன் பிடிக்கத் தெருத்தெருவாக அலைய மட்டும் அவர் வேண்டும்.

வேறு பள்ளிக்குப் போய்விடலாம்தான். அசல் சான்றிதழ்கள் தாளாளரின் பீரோவில் அல்லவா இருக்கின்றன?

தொழிலாளர் நீதிமன்றமும் கைகொடுத்ததில்லை. அன்றைய தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளர்' அல்ல என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பள்ளிக் கல்வித் துறைதான் இவர்களுக்குக் கதி. அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று கேட்கிற துறை, ஒவ்வொரு ஆசிரியருக்கும் பன்னிரண்டு மாதச் சம்பளம் வங்கியில் ஏறியதற்கான ஆதாரத்தையும் கேட்கட்டும். ஆய்வுக்குப் போகும் மாவட்டக் கல்வி அலுவலர், தாளாளர் அறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பாமல், சப்ஸ்டிட்யூஷன் நோட்டை வாங்கிப் புரட்டட்டும். ஆசிரியர்களிடம் நிர்வாகத்தார் இல்லாத அறையில் பேசட்டும். மாலைக்குப் பிறகு வாட்ஸ்அப் பதில் கட்டாயமில்லை என்று பள்ளியே பெற்றோருக்கு எழுதித் தர வேண்டும்.

இவற்றுக்கு நாளாகலாம். பிடித்துவைத்த அசல் சான்றிதழ்களைப் பள்ளி திறக்கும் முன் திருப்பிக் கொடுக்கச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும். நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.