கடிகாரத்தைக் கேட்டா சாப்பிடுவது?

சென்ற விடுமுறையில் என் ராத்தாவும் எங்கள் சாச்சியின் மகளும் மாலை வேளைகளில் ஒன்றாக நடந்தார்கள். ஒரே வீதி, ஒரே வேகம், 45 நிமிடங்கள். வயது, உயரம், நிறை எல்லாம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் வீடு திரும்பிக் கைக்கடிகாரங்களைப் பார்த்தபோது சாச்சியின் மகளுடையதில் 236 கலோரி, ராத்தாவுடையதில் 142. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு இடியப்பம் எடுத்தாள். ராத்தாவோ, "எனக்கு இண்டைக்கி ராச்சாப்பாடு வாணாம் உம்மா" என்று எழுந்து போய்விட்டார். உம்மா மூடி வைத்த சாப்பாடு காலைவரை அப்படியே இருந்தது.

மறுநாள் கடிகாரங்களை மாற்றிக் கட்டிக்கொண்டு நடக்கும்படி சொன்னேன். எண்களும் கடிகாரங்களோடு இடம் மாறின!

இதில் வியப்பில்லை. இக்கடிகாரங்கள் கலோரியை அளப்பதே இல்லை. அடிப்புறத்துப் பச்சை ஒளி இதயத்துடிப்பை எண்ணுகிறது. உள்ளிருக்கும் உணரி கையசைவை அறிகிறது. நாம் பதிந்த வயது, உயரம், நிறையையும் சேர்த்து ஒரு சூத்திரம் ஊகித்துச் சொல்கிறது. சூத்திரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சில கடிகாரங்கள் சும்மா இருந்தாலும் உடல் செலவிடும் சக்தியையும் கூட்டிக் காட்டும். சில நடைக்கு மட்டும் கணக்கிடும். உண்மையில் அளப்பதென்றால் முகமூடி அணிவித்து, உள்ளெடுக்கும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் கணிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படித்தான் ஒப்பிட்டார்கள். 60 பேரின் கைகளில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டார்கள். முடிவு 2017இல் வெளியானது. இதயத்துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் ஏழும் தோற்றன. மிகச் சிறந்ததன் சராசரிப் பிழையே 27 சதவீதம். மிக மோசமானதன் பிழை 93 சதவீதம். 93 சதவீதப் பிழையுள்ள தராசில் எந்த உம்மாவாவது சீனி வாங்குவாரா?

கடிகாரமே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. துடிப்பைப் பார்க்கலாம். நேற்றைய நடையோடு இன்றைய நடையை ஒப்பிடலாம். ஆனால் அந்தக் கலோரி எண்ணை வைத்துச் சோற்றை அளக்கக் கூடாது. நாம் ஒரு நாளில் செலவிடும் சக்தியில் பெரும்பங்கு நடைக்குப் போவதில்லை. மூளையும் இதயமும் ஈரலும் இயங்கவே போகிறது. வளரும் வயதில் எலும்புக்கும் இரத்தத்துக்கும் வேறு வேண்டும். ராத்தா தவிர்த்த சாப்பாடு அந்த 142இல் அடங்காத கணக்கு.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பரிசாக இக்கடிகாரத்தை வாங்கிக் கொடுக்கிறீர்கள், நல்லது. சாப்பாட்டு மேசையில் "இண்டைக்கி எத்தன கலோரி?" என்று மட்டும் கேட்காதீர்கள். பகிடிக்குக் கேட்டாலும் பிள்ளையின் கை கோப்பையிலிருந்து பின்வாங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டது நான்தான்.

ராத்தா இப்போதும் கடிகாரம் கட்டித்தான் நடக்கிறார். கலோரி காட்டும் பக்கத்தை நானே தேடி மறைத்துக் கொடுத்தேன். அதற்கு அரை மணித்தியாலம் போனது. அவ்வளவு ஆழத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் அந்தப் பொத்தானை.