வார்டுதோறும் வரிக் கணக்கு வேண்டும்

சென்னையில் 1998-க்குப் பின் சொத்துவரி நீண்டகாலம் சீரமைக்கப்படவில்லை. 2018-இல் அறிவித்த உயர்வும் நிறுத்திவைக்கப்பட்டது. விளைவு, 2022-இல் சுமை மொத்தமாக இறங்கியது: பழைய மாநகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம்.

வளரும் நகருக்குச் சொந்த வருவாய் தேவை. குப்பை அகற்றவும் வடிகால் தூர்வாரவும் மாநில அரசின் நிதியையே எதிர்பார்க்கும் மாநகராட்சி சுயமாக இயங்க முடியாது. ஆனால், வரி கேட்கும் உரிமையோடு கணக்குக் காட்டும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

2016 இறுதியிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. கேள்வி கேட்கக் கவுன்சிலர் இல்லாத அந்த ஆண்டுகளின் இழப்பு பெரிது. 2022 தேர்தல் 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்களைத் தந்தது. வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகளும் அதே ஆண்டில் வந்தன.

அந்தச் சபைகள் குறைகேட்புக் கூட்டங்களாகச் சுருங்கிவிடக் கூடாது. வார்டில் வசூலான வரி, நடந்த பணி, ஒப்பந்தத் தொகை, முடிக்கவேண்டிய தேதி ஆகிய நான்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுத்தில் வைக்கப்பட வேண்டும். பெரிய கட்டடங்களின் வரி நிலுவையும் அதில் இடம்பெற வேண்டும்.

சாலையும் வடிகாலும் சரியாக உள்ள தெருவில்தான் சிறுவணிகர் துணிந்து முதலீடு செய்வார். வேலைவாய்ப்பும் அங்குதான் பெருகும். வரி கட்டத் தாமதித்தால் குடிமகனுக்குத் தனிவட்டி உண்டு. பணியைத் தாமதிக்கும் அதிகாரியும் ஒப்பந்ததாரரும் அதேபோல் பொறுப்பேற்க வேண்டும். மாமன்றம் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றட்டும்.