ஆடுவது டயரா, ஸ்டீயரிங்கா?

கடலூர் முதுநகரைத் தாண்டி, சிப்காட் ஆலைகளையும் கடந்து சிதம்பரம் நோக்கிப் போகும் லாரியில் ஸ்டீயரிங் உதறினால், ஒர்க்‌ஷாப்பில் முதல் பேச்சே கிங் பின், டை ராடு என்று ஸ்டீயரிங் பாகங்களைப் பற்றித்தான். ஆயிரக்கணக்கில் செலவு செய்து மாற்றியும், ஆலப்பாக்கம் வருவதற்குள் பழைய ஆட்டம் திரும்பிவிடுகிறது. முதலில் டயரைப் பாருங்கள் என்பேன். மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தொட்டதும் தொடங்கும் உதறல், பெரும்பாலும் சக்கரத்திலிருந்து வருவது. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும். உதறலுக்கு அது அரிதாகவே காரணம். பேலன்சிங்கும் எடையைத்தான் சரிசெய்யும். டயர் வட்டமாக இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஒரு சாக்பீஸ் போதும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு மிக அருகில் சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சுற்றவிட்டால், மேடான இடத்தில் மட்டும் கோடு விழும். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வரியையும் கவனியுங்கள்; ரிம்முக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றினால் தீர்ந்தது. முன்சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டியும் பார்க்கலாம்: ஸ்டீயரிங் அடங்கி சீட் அதிர்ந்தால் குற்றவாளி டயர்தான். தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரை முன்னால் போடும் முதலாளிகளிடம் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. மிச்சமாகும் பணத்துக்கு டிரைவரின் தோள்பட்டை வட்டி கட்டுகிறது.