மழைக்கணக்கும் வரைபடமும்

கலப்பைக்கு நாஞ்சில் என்பது பழம்பெயர். அப்பெயரைத் தாங்கிய நாஞ்சில் நாட்டின் வாழ்வு மழையை நம்பிய வாழ்வாகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பேறு கன்னியாகுமரி மாவட்டத்திற்கு உண்டு. அதனாலேயே இங்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைகின்றது. 1906 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், ஊர்தோறும் அமைந்த குளங்களும் அம்மழைநீரைத் தேக்கிப் பயிர்க்கு அளிக்கின்றன. இத்தகைய நாட்டில் பிறந்த மாணவர் மழையின் கணக்கை அறியாதிருத்தல் தகுமோ?

வானிலைக் குறிப்புகளைக் கணினியின் அட்டவணைச் செயலியில் இட்டு வரைபடமாக்குதல் இக்காலத்தில் எளிதாகியுள்ளது. இப்பயிற்சி மாணவர்க்கு இன்றியமையாதது. ஆயினும், எங்கோ உள்ள நகரத்தின் எண்களையும், பயிற்சிக்கெனப் புனைந்த எண்களையும் கொடுத்துப் படம் வரையச் செய்வதால் பெரும்பயன் விளையாது. தம் ஊரில் பெய்த மழையைத் தாமே அளந்து, அவ்வளவைக் கொண்டு வரையும்போதே அக்கல்வி உயிர்பெறும்.

வானிலையை அளந்து எழுதும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. இப்பகுதி 1956 ஆம் ஆண்டு வரையில் திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். பின்னர் அதன் தலைவராய் விளங்கிய ஜான் ஆலன் பிரௌன், 1855 இல் ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அகத்திய மலையின் உச்சியிலும் கருவிகளை நிறுவி ஆய்வு நடத்தினார். காடும் குளிரும் காற்றும் கடந்து எண்களைத் திரட்டிய அவ்வூக்கம், கருவிகள் எளிதிற் கிடைக்கும் இக்காலத்து மாணவரிடம் குன்றலாகாது.

மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து குறித்தல் நம் நாட்டு முறை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்ததாகும். ஓர் ஏக்கர் நிலத்தில் அது ஏறத்தாழ 4,000 லிட்டர் ஆகும். இதனை அறிந்த மாணவனுக்கு எண் வெறும் எண்ணாகத் தோன்றாது. வயலில் நிற்கும் நீராகத் தோன்றும். அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் நாளையும், அடுத்ததில் மழையளவையும் எழுதி, மாதந்தோறும் கூட்டிப் பட்டைகளாக வரைந்தால், ஆண்டின் மழை கண்முன் நிற்கும். சென்னையின் படத்தில் ஆண்டின் இறுதி மாதங்களில் மழை மிகுந்து உயரும். குமரி மாவட்டத்தின் படத்திலோ, சூன் மாதத்தை ஒட்டி ஒரு முகடும், அக்டோபர், நவம்பர் மாதங்களை ஒட்டி மற்றொரு முகடும் எழும். இருபோகத்தின் காரணம் அவ்விரு முகடுகளில் விளங்கும்.

கணினி இருக்கக் கையால் வரைவது எதற்கு என்பார் சிலர். கணினி சோம்பலையே வளர்க்கும் என்பார் வேறு சிலர். இருசாராரும் பாதி உண்மையே கூறுகின்றனர். கணினி விரைவில் வரையும். ஆனால், பிழையான எண்ணைக் கொடுத்தாலும் அதே விரைவோடும் அழகோடும் வரைந்துவிடும். சான்றாக, ஒரு மாதத்தின் முப்பது நாள்களுள் பத்து நாள் மழையை ஒருவன் அளக்கவில்லை எனக் கொள்வோம். அளந்த இருபது நாளில் 100 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அளக்காத நாள்களின் கட்டங்களை வெறுமையாக விட்டால், செயலி 100ஐ 20ஆல் வகுத்து, நாட்சராசரி 5 எனக் காட்டும். அக்கட்டங்களில் சுழியை இட்டாலோ, 30ஆல் வகுத்து 3.3 எனக் காட்டும். மழை பெய்யாமை வேறு, அளக்காமை வேறு. அளக்காததைப் பெய்யாததாக எழுதுதல் பொய் எழுதுதலே யாகும். இவ்வேறுபாட்டைச் செயலி தானே உணராது. எழுதுபவனே உணர்தல் வேண்டும். ஆதலின், முதற்கண் சில மாதங்களின் மழையை வரைபடத்தாளில் கையால் வரைந்து, அளவுகோலின் இயல்பை உணர்ந்த பின்னரே கணினியை நாடுதல் முறையாகும். பல ஆண்டுகளின் எண்களைத் தொகுத்து ஒப்பிடும் பெரும்பணிக்குக் கணினியே ஏற்றது.

வரைபடத்தைப் படிக்கவும் தெரிதல் வேண்டும். 2017 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது. வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மீளவில்லை. புயல் வீசிய ஒரு மாதத்தின் மழையை ஒரே பட்டையாக வரைந்தால், அதன் கடுமை முப்பது நாள்களுள் கரைந்து மறையும். நாள்வாரியாக வரைந்தாலன்றி அது புலப்படாது. மழையளவு மட்டுமே காற்றின் வேகத்தையும் உரைக்காது. ஒரு படம் எதைக் காட்டுகின்றது என்பதோடு, எதை மறைக்கின்றது என்பதையும் வினவுவதே அறிவுடைமை.

ஓர் ஆண்டின் குறிப்பால் ஓர் ஊரின் மழை இயல்பைத் துணிந்துரைத்தல் இயலாது. அதற்கு முப்பது ஆண்டுக் கணக்கை நோக்குதல் வானிலை அறிஞர் வழக்கம். முப்பது ஆண்டு என்பது ஒரு மாணவனின் பள்ளிப் பருவத்தினும் நீண்டது. ஆகவே, பள்ளிதோறும் ஒரு மழைமானி வேண்டும். ஒரு குறிப்பேடு வேண்டும். ஒரு வகுப்பு விட்ட இடத்தில் அடுத்த வகுப்பு தொடர்தல் வேண்டும். முன்னோர் குளம் வெட்டிப் பின்வருவோர்க்கு வைத்துச் சென்றனர். இன்றைய மாணவர் எழுதும் பிழையற்ற மழைக்கணக்கும் பின்வருவோர்க்குப் பயன்படும் ஒரு செல்வமே யாகும்.